தம்பியின் தோளில் செல் துண்டு, ஏஜென்சிக்காரரின் கையில் ஒப்பந்தம்

கேள்வி: எனக்கு வயது 27. கிளிநொச்சியில் காமன்றில் (ஆடைத் தொழிற்சாலையில்) வேலை செய்கிறேன். தம்பிக்கு 21. பள்ளிக்கூடத்தில் பி.ரி. சேர் பழக்கிவிட்ட மல்யுத்தத்தில் 74 கிலோவில் மாகாணத்தில் முதலிடம், தேசிய மட்டத்தில் ஒருதரம் மூன்றாமிடம் எடுத்தான். ஏ.எல். முடித்து இப்போது ஒரு ஜிம்மில் பழக்குகிறான். சின்ன வயதிலிருந்தே ரி.வி. றெஸ்லிங் என்றால் உயிர். இரண்டு வருடமாக நாலைந்து பெடியளோடு எங்கள் பின்வளவில் பழைய மெத்தை, வைக்கோல், லொறி ரயர் எல்லாம் போட்டுப் பழகி வீடியோ விடுகிறான். அதைப் பார்த்து ஒரு ஏஜென்சிக்காரர் தொடர்பு கொண்டார். டுபாயில் ஒரு றெஸ்லிங் கொம்பனியாம். ஆறு மாதம் பயிற்சி, பிறகு மேடை, இரண்டு வருடத்தில் அமெரிக்கா என்கிறார். 18 லட்சம் கேட்கிறார். ஒப்பந்தத்தின் படத்தை இத்துடன் அனுப்புகிறேன். உடையார்கட்டுக் குளத்துக்குக் கீழே இருக்கிற இரண்டு ஏக்கர் வயலை விற்கலாம் என்று அம்மா நிற்கிறா. 2009 சண்டை நேரம் தம்பிக்கு ஐந்து வயது. வலது தோள்பட்டைப் பக்கம் செல் (எறிகணை) துண்டு போய் இன்னும் உள்ளே இருக்கிறது. எடுக்கத் தேவையில்லை என்று அப்போது விட்டுவிட்டார்கள். மாரியில் உளையும் என்பான். போன மாதம் விழுந்து கை கரண்ட் அடித்த மாதிரி விறைத்து, கொஞ்ச நேரம் தூக்க முடியாமல் நின்றானாம். கூட்டாளிப் பெடியன்தான் சொன்னான், அம்மாவுக்குத் தெரியாது. "பொய்ச் சண்டைதானே அக்கா, உடம்புக்கு என்ன வரப்போகுது" என்கிறான். மறிக்கிறதா, விடுகிறதா?
(பெயர் வேண்டாம், விசுவமடு)

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் டுபாயும் வயலும் 18 லட்சமும் முன்னுக்கு நிற்கின்றன. கை கரண்ட் அடித்த கதை கடைசியில், அதுவும் வேறொருவன் சொன்னதாக வருகிறது. நான் இயன்மருத்துவன் (பிசியோதெரபிஸ்ற்). எனக்கு அதுதான் முதல் வரி. காசுக்குப் பிறகு வருவோம்.

கழுத்து எலும்புகளுக்கு இடையாலிருந்து புறப்பட்டு, காறையெலும்புக்குக் கீழால் நுழைந்து கைக்குப் போகிற நரம்புக் கற்றை ஒன்று இருக்கிறது. விழும்போது தலை ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் போனால் அந்தக் கற்றை கயிறு மாதிரி இழுபடும். அல்லது தலை சாய்ந்த பக்கத்தில் நசிபடும். உடனே தோளிலிருந்து விரல் நுனி வரை நெருப்போ கரண்டோ ஓடின மாதிரி இருக்கும். கை பாரமாகத் தொங்கும். சில வினாடியில், மிஞ்சினால் சில நிமிடத்தில் சரியாகிவிடும். மல்யுத்தத்திலும் ரக்பியிலும் இது அடிக்கடி நடக்கிறது. ஒரு கையில், ஒரு தரம் வந்து, முழுதாக விட்டுப்போனால் பெரும்பாலும் பயமில்லை.

பயப்பட வேண்டியது வேறு. இரண்டு கையிலும் ஒரே நேரத்தில் வந்ததா? கையோடு காலும் விறைத்ததா? நடக்கும்போது கால் தடுமாறியதா? இதில் ஒன்றுக்காவது ஆம் என்று பதில் வந்தால் அது கைக்குப் போகிற நரம்பு இல்லை, முள்ளந்தண்டுக்குள் ஓடுகிற முண்ணாண். அன்றைக்கே வைத்தியசாலை. ஒரு கைதான் என்றாலும், இது எத்தனையாவது தரம் என்று கேட்க வேண்டும். இரண்டு மூன்று தரம் வந்திருந்தால் கழுத்தைப் படம் எடுத்துப் பார்க்காமல் யாரும் அவனை விழ விடக்கூடாது. இதையெல்லாம் அம்மாவுக்கு முன்னால் கேட்காதீர்கள். அம்மாவுக்கு முன்னால் எந்தப் பெடியனும் "ஒண்டுமில்லை" என்றுதான் சொல்வான்.

இனி அந்தப் "பொய்ச் சண்டை".

யார் வெல்வது என்பது முன்னரே பேசி வைத்தது. அதில் ஒளிமறைவு எப்போதோ போய்விட்டது. 1989 இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநில செனற்றில், இன்று டபிள்யூ.டபிள்யூ.ஈ. என்று அழைக்கப்படுகிற பெரிய றெஸ்லிங் கொம்பனியே, இது போட்டி அல்ல, கேளிக்கை என்று ஒத்துக்கொண்டது. உண்மையின் மேல் வந்த பக்தி இல்லை. விளையாட்டு என்றால் மாநில ஆணைக்குழுவின் மேற்பார்வையும் வரியும் இருக்கும், கேளிக்கை என்றால் அது கழன்றுவிடும். ஆக, "இது பொய்" என்று சொன்னதில் இலாபம் கொம்பனிக்கு. விழுகிறவனுக்கு அதில் ஒன்றும் குறையவில்லை.

எங்கள் பக்கத்தில் காத்தவராயன் கூத்துப் பார்த்திருப்பீர்கள். காத்தான் கழுவேறப் போகிறான் என்பது சபையில் இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் விடிய விடிய இருந்து அழுகிறோம். ஏறுகிறது நடிப்பு. ஆனால் மரத்தில் நிற்கிறவனுக்குக் கால் வழுக்கினால் இடுப்பு முறிகிறது நடிப்பில்லை. றெஸ்லிங்கும் அந்த வகைதான். நல்லவன், கெட்டவன், சபையைச் சூடேற்றுகிறவன் எல்லாரும் உண்டு. அண்ணாவியார் மட்டும் திரைக்குப் பின்னால் இருக்கிறார்.

கணக்கைப் பாருங்கள். ஐந்தடி உயரத்திலிருந்து விழுகிற உடம்பு நிலத்தைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வேகத்தில் இருக்கும். சைக்கிளை நன்றாக மிதித்துக்கொண்டு போய் முதுகால் சுவரில் மோதுகிற மாதிரி. ரி.வி.யில் தெரிகிற அந்த மேடை பஞ்சு மெத்தை இல்லை. இரும்புத் தீராந்திகளுக்கு மேல் பலகை, அதற்கு மேல் மெல்லிய ஸ்பொஞ்ச், அதை மூடிக் கித்தான், அவ்வளவுதான். அதில் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் விழுந்து, அடுத்த நாள் எழும்பி வருகிறவர்கள் விழுகிற முறையைப் பழகியவர்கள். நாடி நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், பார்வை இடுப்புப் பட்டியில். மூச்சை வெளியே விட்டபடி, இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து உள்ளங்கையால் நிலத்தை அறைய வேண்டும். இரண்டு தோள்பட்டை எலும்புக்கும் இடைப்பட்ட மேல் முதுகு தட்டையாகப் பட வேண்டும். அடி ஓரிடத்தில் இறங்காமல் பரவிப் போவதற்குத்தான் இவ்வளவும்.

இங்கே உங்கள் தம்பிக்கு இரண்டு சிக்கல்.

ஒன்று, அவன் நல்ல மல்யுத்த வீரன் என்பது. மல்யுத்தத்தில் இரண்டு தோளும் விரிப்பில் பட்டால் ஆட்டம் முடிந்தது. பி.ரி. சேர் அவனுக்கு வருடக்கணக்காகப் பழக்கியதே முதுகு நிலத்தில் படாமல் காப்பாற்றத்தான். விழும்போது அந்த உடம்பு யோசிக்காமலே பக்கவாட்டில் திரும்பும், ஒரு கையை ஊன்றும், தலையால் பாலம் போடப் பார்க்கும். றெஸ்லிங்கிலோ முதுகை மனம் விரும்பிக் கொடுக்க வேண்டும். பாதியில் திரும்புகிற உடம்புக்குத்தான் தோள் ஒரு பக்கம், தலை மறுபக்கம் போகிறது. அதற்குமேல் உங்கள் பின்வளவு. வைக்கோல் மெத்தென்று இருக்கும் என்று பெடியள் நம்புகிறார்கள். தோள் வைக்கோலில் புதைய, தலை ரயர் விளிம்பில் நிற்கும். அந்த நரம்பை இழுத்துவிட அதைவிட வசதியான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. போன மாதம் நடந்தது இதுவாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது அந்தத் துண்டு. ஒழுங்காக விழுகிறவன் எந்த இடத்தால் நிலத்தைத் தொட வேண்டும் என்று மேலே சொன்னேனோ, அவனுக்கு அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் இரும்பு இருக்கிறது.

வன்னியில் எக்ஸ்றே படத்தில் வெள்ளைப் பொட்டுத் தெரிந்தால் எங்களில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. முழங்கால் வலி என்று வந்த ஒரு அம்மாவின் படத்தில் நாலு பொட்டு இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருக்க, "அது கிடக்கட்டும் தம்பி, நீங்கள் முழங்காலைப் பாருங்கோ" என்றா. பெரும்பாலும் அவ சொன்னதுதான் சரி. தசைக்குள் போன துண்டைச் சுற்றி உடம்பே ஒரு உறை கட்டிவிடும். அதை நோண்டி எடுப்பதால் வரும் சேதம் விட்டுவிடுவதைவிட அதிகம் என்று டொக்டர்மார் விட்டார்கள், நியாயமாகவே விட்டார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பு வீட்டிலும் வயலிலும் நடமாடப்போகிற ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொன்னது. ஒரு நாளைக்கு முப்பது தரம் முதுகால் விழப்போகிற 21 வயதுக்காரனுக்கு இன்னும் யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை.

பார்க்க வேண்டியது, துண்டு தசைக்குள் கிடக்கிறதா, தோள் மூட்டுக்குள் நுழைந்திருக்கிறதா, நெஞ்சறைக்கோ முள்ளந்தண்டுக்கோ கிட்டவா என்பது. மூட்டுக்குள் என்றால் கதையே வேறு. அங்கே அது குருத்தெலும்பை அரைக்கும். ஈயமாக இருந்தால் மூட்டு நீரில் கரைந்து இரத்தத்தில் கலக்கவும் இடமுண்டு. செல் துண்டு பெரும்பாலும் உருக்கு, சன்னத்தில்தான் ஈயம் அதிகம். "செல் துண்டு" என்று வீட்டில் சொல்லி வருவது உண்மையில் எது என்று படம் பார்த்தால்தான் ஓரளவு தெரியும். இரண்டு கோணத்தில் எக்ஸ்றே எடுப்பதற்கு அரசாங்க வைத்தியசாலையில் காசு இல்லை. தேவையென்றால் அங்கிருந்து சீ.ரி. ஸ்கானுக்கு எழுதுவார்கள்.

எம்.ஆர்.ஐ. பற்றி ஒரு எச்சரிக்கை. கழுத்து நரம்பைப் பார்க்க டொக்டர்மார் வழக்கமாக எழுதுவது அந்த ஸ்கான்தான். அது பெரிய காந்தம். உள்ளே இரும்பு இருந்தால் அசையலாம், சூடாகலாம், படமும் குழம்பும். தம்பி எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் வாய் திறந்து முதலில் சொல்ல வேண்டியது "எனக்குள்ளே துண்டு இருக்கு" என்பதை. வெட்கப்பட்டு மறைக்கிற பெடியளை நான் கண்டிருக்கிறேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கை ஸ்கானர் கீச்சிடும்போது முகம் சிவக்கிறவர்கள் இவர்கள்தான்.

பெரிய கொம்பனிகளில், கூடவே டொக்டர் நிற்கிற மேடைகளில் என்ன நடந்தது என்றும் தம்பிக்குத் தெரியும், கேட்டால் என்னைவிட விவரமாகச் சொல்வான். ஸ்டீவ் ஒஸ்டினுக்கு 1997 ஓகஸ்டில் தலைகீழாக இறக்கிய ஒரு பிடியில் கழுத்து அடிபட்டுக் கொஞ்ச நேரம் கைகால் அசையவில்லை. 2003 இல், 38 வயதில் ஒதுங்கினார். எட்ஜ் 2011 இல் கழுத்து முள்ளந்தண்டுக் கால்வாய் ஒடுங்கியதால் நிறுத்தினார், திரும்பி வர 2020 ஆனது. பிக் ஈ 2022 மார்ச்சில் மேடைக்கு வெளியே தலையால் விழுந்து கழுத்தெலும்பு முறிந்தது. மூவரும் கைதேர்ந்தவர்கள். அவர்களைத் தூக்கி எறிந்தவர்களும் கைதேர்ந்தவர்கள்தான். இந்தத் தொழிலில் உன் கழுத்து எதிராளியின் கையில் இருக்கிறது. பின்வளவில் உன்னைத் தூக்குகிறவன் யார், அவனுக்கு யார் பழக்கினார்கள் என்று தம்பியைக் கேளுங்கள்.

இவ்வளவும் எழுதியதால் நான் மறிக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அவனுடைய ஆசை அற்பமானதும் இல்லை, நடக்காததும் இல்லை. தலீப் சிங் ராணா ஹிமாச்சலப் பிரதேசத்தில் ஒரு மலைக் கிராமத்தில் பிறந்து, பஞ்சாப் பொலிஸில் வேலை பார்த்து, கிரேட் காளி என்ற பெயரில் 2007 இல் டபிள்யூ.டபிள்யூ.ஈ.யில் உலக ஹெவிவெயிட் பட்டம் எடுத்தார். 2015 இல் ஜலந்தரில் பயிற்சிக்கூடம் தொடங்கினார். ஹரியானாவின் கவிதா தேவி 2016 தெற்காசிய விளையாட்டு விழாவில் பளுதூக்கலில் தங்கம் எடுத்த பிறகு அங்கே போய்ப் பழகினார். சல்வார் கமீசோடு மேடையில் ஏறி ஒருத்தியைத் தூக்கின வீடியோ ஊரெல்லாம் ஓடியது. 2017 இல் டபிள்யூ.டபிள்யூ.ஈ. மேடையில் மோதிய முதல் இந்தியப் பெண் அவர்தான். உயரமும் இப்போது தடையில்லை. ஐந்தடி ஆறங்குல ரே மிஸ்டீரியோ 2006 இல் அதே உலகப் பட்டத்தை எடுத்தார்.

மல்யுத்தத்திலிருந்து போகிறவனுக்கு அடித்தளம் இருக்கிறது. ஆனால் அது உத்தரவாதம் இல்லை. கேர்ட் ஆங்கிள் 1996 அத்லாந்தா ஒலிம்பிக்கில் 100 கிலோவில் தங்கம், 1998 இல் அதே டபிள்யூ.டபிள்யூ.ஈ. கொம்பனியில் சேர்ந்து 2000 இல் அங்கே சாம்பியன். டோக்கியோ ஒலிம்பிக்கில் 125 கிலோவில் தங்கம் எடுத்த கேபிள் ஸ்டீவ்சன் 2021 இல் சேர்ந்தார், 2024 இல் விடுவித்துவிட்டார்கள். இரண்டு பேருக்கும் பலத்தில் குறையில்லை. சபையைப் பிடிக்கிற வித்தை ஒருவருக்கு வாய்த்தது, மற்றவருக்கு வாய்க்கவில்லை. தம்பிக்கு அது இருக்கிறதா என்பதை அவனுடைய வீடியோக்களில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். நான் இரண்டு பார்த்தேன். விழுகிறதில் எனக்கு நெஞ்சு பதறியது. ஆனால் அடி வாங்கின பிறகு எழும்ப ஒரு கணம் தாமதித்து, பார்க்கிறவனைக் காக்க வைக்கிறானே, அது யாரும் பழக்கி வந்ததில்லை.

ஏறினவர்களும் நிலைத்து நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கனடாவில் பிறந்த பஞ்சாபி ஜிந்தர் மஹால் 2017 மே மாதம் கொம்பனியின் முதன்மைப் பட்டத்தையே வென்றார். 2024 ஏப்ரலில் அவரையும் வேறு இரண்டு இந்தியர்களையும் விட்டுவிட்டார்கள். அந்தக் கொம்பனியில் மேடை ஏறுகிறவர்கள் சம்பளப் பட்டியலில் இருக்கிற ஊழியர்கள் இல்லை, சுயாதீன ஒப்பந்தக்காரர்கள். மேடையில் பட்ட காயத்துக்குக் கொம்பனி செலவழிக்கும், மற்ற மருத்துவக் காப்புறுதியை அவரவர் தான் வாங்க வேண்டும். உலகத்தில் பெரிய இடத்தின் நிலையே இது.

இப்போது உங்கள் ஏஜென்சிக்காரரின் தாளுக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய படத்தை நானும் சட்டத்தரணியான ஒரு நண்பரும் பெரிதாக்கி வாசித்தோம். ஆறு மாதப் பயிற்சிக்குச் சம்பளம் இல்லை. கட்டிய காசு எக்காரணம் கொண்டும் திரும்பாது. பயிற்சியிலோ மேடையிலோ படுகிற காயத்துக்குக் கொம்பனி பொறுப்பில்லை. ஐந்து வருடத்துக்கு வேறு எந்த மேடையிலும் ஏறக்கூடாது. கொம்பனியின் பதிவு இலக்கம் எங்கும் இல்லை. தொடர்புக்கு ஒரு ஜீமெயில். கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் தம்பியின் பெயர் மட்டும்தான் அச்சாகி இருக்கிறது, மறுபக்கத்துக்குக் கோடுகூட இல்லை. நண்பர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இது ஒப்பந்தம் இல்லை, பற்றுச்சீட்டு" என்றார். விசிற் விசாவில் போய்ப் பிறகு மாற்றலாம் என்றும் ஏஜென்சிக்காரர் சொன்னாராம். விசிற் விசாவில் வேலை செய்து பிடிபட்டால் தடை அவனுக்குத்தான் விழும், ஏஜென்சிக்காரருக்கு இல்லை.

"இரண்டு வருடத்தில் அமெரிக்கா" என்ற பேச்சும் அப்படித்தான். மேடை ஏறுகிறவர்களுக்கான அந்த நாட்டு விசாவுக்கு அங்கே இருக்கிற நிறுவனமோ முகவரோ முதலில் மனுப் போட வேண்டும். இங்கே காசு வாங்குகிறவரால் அதைச் செய்ய முடியாது. ஒர்லாண்டோவில் 2013 இல் திறந்த டபிள்யூ.டபிள்யூ.ஈ.யின் பயிற்சி நிலையத்துக்குத் தெரிவானவர்களுக்குக் கொம்பனிதான் காசு கொடுத்துப் பழக்குகிறது. தனியார் பள்ளிகளில் கட்டணம் உண்டு, அது நியாயம். ஆனால் அங்கே நீங்கள் கட்டுவது பழகுவதற்கு. கனவுக்கு முற்பணம் வாங்குகிறவர்கள் வேறு ஆட்கள். எதற்கும் இவருடைய நிலையத்துக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். மேலே சொன்ன நியூ ஜேர்சி வருடமும் அதுதான், மறக்காது.

அந்தத் தாளில் என்னை உறுத்தியது காசுப் பகுதி இல்லை. தம்பியின் "பெயர், முகம், வாழ்க்கை வரலாறு" கொம்பனிக்குச் சொந்தம் என்று ஒரு வரி. பின்னிணைப்பில் அவனுக்கு மேடையில் வைக்கப்போகிற பெயரும், "போரில் பிறந்தவன், உடம்பில் இன்னும் குண்டோடு" என்ற விளம்பர வாசகமும். அந்த மேடைப் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. நீங்கள் பார்த்தவுடன் புரிந்திருக்கும். அங்கே கைதட்டு வாங்கித் தருகிற பெயர் இங்கே திரும்பி வந்தால் விசாரணைக்குக் கூப்பிட வைக்கும். றெஸ்லிங் உலகம் ஊரையும் இனத்தையும் வேடமாக்கித்தான் நெடுங்காலம் பிழைத்தது, அதில் புதுமை இல்லை. ஆனால் அந்தத் துண்டு அவனுக்குள் வந்த நாளில் உங்கள் வீட்டில் வேறு என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. அதைச் சபைக்குச் சொல்வதா என்று ஒரு நாள் அவன் தானாகத் தீர்மானிக்கட்டும். ஐந்து வருடத்துக்கு இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்க வேண்டாம்.

வயலைப் பற்றி ஒரே வரி: விற்கக் கூடாது. குளத்துக்குக் கீழே, காலபோகத்தோடு தண்ணீர் இருக்கிற வருடம் சிறுபோகமும் செய்யக்கூடிய காணி 18 லட்சத்துக்குப் போனால் திரும்பி வராது. அது உறுதிக் காணியா பெர்மிட் காணியா என்று அம்மாவைக் கேளுங்கள். பெர்மிட் என்றால் நினைத்தபடி விற்கவும் முடியாது. பிரதேச செயலகக் காணிப் பகுதிக்குத் தெரியாமல் கைமாறிப் பிறகு வழக்கில் அலைகிறவர்களை இங்கே ஊருக்கு ஊர் காணலாம்.

தம்பிக்கு நான் சொல்வது: ஒரு வருடம் பொறு. பின்வளவு இன்றோடு நிற்கட்டும். கழுத்து நாலு பக்கமும் வலியில்லாமல் திரும்பி, இரண்டு கையும் ஒரே பலத்தோடு இருக்கும் வரை எந்த இடத்திலும் விழக்கூடாது. டொக்டர் சரி என்ற பிறகு, ஒழுங்கான விரிப்பு எங்கே இருக்கிறது என்று மாவட்ட விளையாட்டு உத்தியோகத்தரிடம் கேட்டு, அங்கே குந்தியிருந்தபடி பின்னால் விழுவதிலிருந்து தொடங்கட்டும். கழுத்துப் பலத்துக்கு ஒன்று: மல்லாக்கப் படுத்து, நாடியை உள்ளே இழுத்து, தலையை இரண்டு விரல் உயரம் தூக்கிப் பிடிப்பது. என்னிடம் வருகிற திடமான பெடியள் அரை நிமிடத்துக்கு மேல் பிடிப்பார்கள். நடுங்காமல் பிடிக்கிறானா பாருங்கள். வலித்தால் நிறுத்திவிட வேண்டும்.

மல்யுத்தத்தையும் விட வேண்டாம். 2022 பர்மிங்காம் பொதுநலவாய விளையாட்டு விழாவில் இலங்கையின் நெத்மி அஹின்சா 57 கிலோவில் வெண்கலம் எடுத்தபோது அந்தப் பிள்ளைக்கு 18 வயது. 2026 கிளாஸ்கோவில் மல்யுத்தமே இல்லை, எடுத்துவிட்டார்கள். ஆனால் அதே வருட ஆசிய விளையாட்டு விழாவில், ஜப்பானின் நகோயாவில் இருக்கிறது. அங்கே போகிறானோ இல்லையோ, தேசிய மட்டத்தில் இன்னொரு பதக்கம் ஜலந்தரிலோ வேறெங்கோ அவன் நேரடியாக விண்ணப்பிக்கும்போது பேசும், இடையில் ஏஜென்சிக்காரர் தேவைப்படாது. ஜிம்மில் யாராவது உடம்பைக் கெதியாக ஏற்ற ஊசி என்று நீட்டினால் கையை எடுக்கச் சொல்லுங்கள். றெஸ்லிங்காரர் எடி கெரெரோ 2005 இல் 38 வயதில் இதயம் நின்று போன பிறகுதான் டபிள்யூ.டபிள்யூ.ஈ. இப்போதைய மருந்துச் சோதனைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. மல்யுத்தத்தில் பிடிபட்டால் வருடக்கணக்கில் தடை.

எக்ஸ்றே எடுத்ததும் அவனையே படத்தோடு வரச் சொல்லுங்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் எனக்கு ஆட்கள் குறைவு. அதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். துண்டு வலது பக்கம் என்று எழுதினீர்கள், கரண்ட் அடித்தது எந்தக் கை என்று எழுதவில்லை. இடது கை என்றால் கழுத்தைத்தான் முதலில் பார்ப்பேன். வலது கை என்றால் அந்தத் துண்டு நரம்புக்குக் கிட்ட வந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், எக்ஸ்றேயை அடுத்த வாரத்துக்குத் தள்ளாதீர்கள். இன்றைக்கே கேட்டு எழுதுங்கள்.